நோன்பாளியின் கண்ணில் ஒரு சொட்டு

நோன்பு மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். "லாத்தா, நோன்போட கண்ணுக்கு மருந்து ஊத்தலாமா?" லாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் வருவார்கள். தூரத்தில் இருப்பவர்கள் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்புவார்கள். நான் டாக்டரும் இல்லை, மார்க்கம் படித்த ஆலிமாவும் இல்லை. கூத்தாநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கண் மருத்துவரிடம், என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது உதவிக்குச் சேர்ந்து, அவளுடைய மகள் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் வேலை பார்த்தவள். படித்தது எட்டாம் வகுப்பு. இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் போன வாரம் வந்து, "நீங்க வாயால சொல்றதையே எழுதிக் குடுங்க லாத்தா. நாங்களும் படிக்கிறோம், வர்றவங்களுக்கும் படிச்சுக் காட்டுறோம்" என்றார்கள். அல்லாஹ்வின் பெயரால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை.

வேலை பழகிய கதை சின்னது. டாக்டர் எங்கள் பக்கம் வந்து க்ளினிக் திறந்த புதிதில், ஒரு ஆம்பிளை உதவியாள் இமையைத் தொட்டு மருந்து விடுவதற்கு எங்கள் ஊர்ப் பெண்கள் சம்மதிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஒரு பெண் ஆள் தேடினார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் காதில் அது விழுந்து, "நீ போயேன், கை நடுங்காது உனக்கு" என்று அனுப்பிவைத்தார். போன புதிதில் டாக்டர் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் கை கழுவுவதுதான். தொழுகைக்கு முன்னால் ஐந்து வேளையும் கைகால் முகம் கழுவி ஒளு செய்கிறவளுக்குக் கை கழுவவா தெரியாது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர் என் விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நகத்துல மருதாணி இருக்கலாம் மரியம்மா, மாவு இருக்கக் கூடாது" என்றார். காலையில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு நகக்கண்ணில் இருந்தது. அன்றிலிருந்து நகத்தை ஒட்ட வெட்டிவிடுவேன். என் பெயர் மரியம்தான். அவர் மட்டும் கடைசிவரை மரியம்மா என்றே கூப்பிட்டார்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார் என்றால் விஷயம் மோசம் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். யாருடைய கண்ணைத் தொடுவதற்கு முன்னாலும் "இப்ப தொடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார், கைக்குழந்தையாக இருந்தாலும். மருந்து எழுதிக் கொடுத்தவுடன் யாரையும் வெளியே விடமாட்டார். "எப்படிப் போடுவீங்க?" என்பார். அவர்கள் வாயால் சொல்லத் தொடங்குவார்கள். "சொல்லாதீங்க, போட்டுக் காட்டுங்க" என்பார்.

போட்டுக் காட்டும்போதுதான் தெரியும். ஒருவர் கன்னத்தில் விடுவார். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இமைமேல் விட்டுவிட்டு, "குளுகுளுன்னு இருக்கு டாக்டர்" என்பார். பலர் புட்டியின் மூக்கை இமை முடியில் முட்டவைத்து விடுவார்கள். கண்ணில் இருக்கும் பீளையும் கிருமியும் அந்த மூக்கு வழியாகப் புட்டிக்குள் போய்விடும், அப்புறம் அந்தப் புட்டி மருந்துப் புட்டி இல்லை. சரியான முறை இதுதான்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். கலங்கலான மருந்தாக இருந்தால் நன்றாகக் குலுக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி தெரியும். புட்டி எதிலும் படாமல் மேலே பிடித்து, அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை, எலும்பின் மேலே, விரல் நுனியால் லேசாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கண்ணீர் மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிற சின்ன ஓட்டை அங்கே இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். களிம்பு எப்போதும் கடைசியில்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். கண் சிவந்து யார் வந்தாலும், "வீட்டுல இருக்கற சொட்டு மருந்து அத்தனையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்பார். ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருப்பது, பீரோவில் வளையலோடு கிடப்பது, எல்லாம். மேசையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் எடுத்து, "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்பார். பையில் காது மருந்து இருக்கும், மூக்கு மருந்து இருக்கும். ஒரு தடவை செருப்பு ஒட்டுகிற பசை இருந்தது. அதே அளவு, அதே வெள்ளை மூடி. கொண்டுவந்த அம்மா, "அய்யய்யோ, ரெண்டு நாளா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன், செருப்பு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது" என்றார். நாங்கள் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

அவர் அதிகம் பயந்தது, சிவப்பை உடனே அமர்த்துகிற ஸ்டீராய்டு சொட்டுக்குத்தான். நல்ல மருந்து, வேண்டிய கண்ணுக்கு வேண்டிய நாள் மட்டும் போட்டால். ஒரு பேருந்து கண்டக்டர், கண் அரிப்புக்கு எப்போதோ எழுதிக் கொடுத்ததை, பழைய அட்டைப் பெட்டியைக் கடையில் காட்டிக் காட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போட்டார். அரிப்பு இல்லை, சிவப்பு இல்லை, சந்தோஷமாக இருந்தார். உள்ளே கண் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை. நடுவில் தெரியும், ஓரத்தில் தெரியாது என்ற நிலையில் வந்தார். போன பார்வை திரும்பவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சபியா மாமியைப் பற்றி.

நான் வேலையை விடுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. அந்தத் தடவை சம்பா அறுவடையும் நோன்பும் அடுத்தடுத்து வந்தன. சபியா மாமி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். கணவர் மவுத்தாகிப் பல வருஷம். மகன் துபாயில். வீட்டில் மருமகள் நூர்ஜஹானும் பேரப்பிள்ளைகளும். மாமிக்கு இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. வலது கண் ஒன்றுதான். அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நோன்பு மாதத்தில் குர்ஆனை முழுசாக ஓதி முடிப்பார். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு நொய்யரிசி புடைத்துத் தருவது அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட காரியம். யாராவது, "மிஷின்ல சுத்தம் பண்ணுனதே கிடைக்குதே மாமி" என்றால், "மிஷினுக்கு நன்மை எழுதுவானா? எனக்கு எழுதுவான்" என்பார்.

அந்த வருஷம் புது நெல்லை அரைத்த நொய்யைப் புடைக்கும்போது, காற்று திரும்பி ஒரு உமி அந்த ஒற்றைக் கண்ணில் விழுந்துவிட்டது. நூர்ஜஹான் துப்பட்டா முனையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி ஒத்தி எடுத்தாள். உமி வந்துவிட்டது, உறுத்தல் போகவில்லை. ஃபிரிட்ஜில், மாமியின் தம்பி கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டபோது மிச்சம் வைத்துவிட்டுப் போன சொட்டு மருந்து இருந்தது. அதைப் போட்டார்கள். சிவப்பு அமர்ந்தது, வலி குறைந்தது. மாமி தெருவெல்லாம் அந்த மருந்தைப் புகழ்ந்தார். பிறகு பார்வையில் புகை மாதிரி படர ஆரம்பித்தது. அப்போதும் இன்னும் இரண்டு சொட்டு கூடப் போட்டார்கள்.

க்ளினிக்குக்கு வந்தபோது கருவிழியில் நொய்யரிசி ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. டாக்டர், "இப்ப தொடப்போறேன்மா" என்று சொல்லி, மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, அந்தப் புண்ணை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நிமிர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"காளான்மா. உமியில, வைக்கோல்ல, நெல்லுத் தூசியில இருக்கற பூஞ்சை. கீறல் வழியா உள்ள போயிருக்கு."

"ஆனா சிவப்புக்கெல்லாம் நல்லாக் கேட்டுச்சே டாக்டர்!" என்றார் மாமி. "அந்த மருந்து ஊத்துனா பனிக்கட்டி வச்ச மாதிரி இருக்கும். என் தம்பிக்கு அதுலதானே பார்வை வந்துச்சு?"

பையில் வந்த புட்டியைக் கையில் எடுத்தார் டாக்டர். "இது ஸ்டீராய்டு. உங்க தம்பிக்கு இது சரியான மருந்து. ஆபரேஷன் பண்ணின கண்ணு வீங்கியிருக்கும், அதை அமர்த்த. உங்க கண்ணு ஏன் செவந்துச்சு? உள்ள வந்த பூஞ்சையோட சண்டை போட்டுச்சு. களத்துல நெல்லு கிடக்கு, காவலுக்கு ஆள் நிக்குது, கத்துறான். கத்துறது தொந்தரவா இருக்குன்னு காவக்காரனைத் தூங்கவச்சுட்டோம். இப்ப மாடு நிம்மதியா மேயுது."

நூர்ஜஹான் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அழாத புள்ள. கேட்டது நான்" என்றார் மாமி. பிறகு டாக்டரைப் பார்த்து, "இது ஒண்ணுதான் தம்பி எனக்கு இருக்கு" என்றார். அதுவரை டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் தம்பி என்றார்.

டாக்டர் தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்க்கச் சொன்னார். மாமி அசையவில்லை. கடைசியில், சொன்னபடி மருந்து போட வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்ட வேண்டும், புள்ளி பெரிதானால் மறுபேச்சில்லாமல் தஞ்சாவூர் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். பழைய புட்டியை அவரே வைத்துக்கொண்டார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் பூஞ்சை மருந்தை எழுதினார். பகல் முழுக்க மணிக்கு ஒரு தடவை, ராத்திரியில் கொஞ்சம் இடைவெளி விட்டு. வலிக்கு இன்னொரு சொட்டு. நான் போட்டுக் காட்டினேன். மாமி முகத்தைச் சுளித்தார்.

"இது எரியுதே. தொண்டைக்கு வந்து கசக்கவும் செய்யுது."

"மூலையை அழுத்திப் பிடிங்க மாமி, கசக்காது."

"அதெல்லாம் பிடிச்சுக்கிட்டு யாரு உக்காந்திருக்கிறது? ஊத்துனா ஊத்துனதுதான்."

ஒரு தடவை காட்டவும் வந்தார். புள்ளி வளரவில்லை. டாக்டர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு பிறை பார்த்து நோன்பு தொடங்கியது. அடுத்த தடவை வந்தபோது புள்ளி பெரிதாகியிருந்தது. கருவிழிக்குக் கீழே, உள்பக்கம், சீழ் ஒரு கோடாகப் படிந்திருந்தது.

டாக்டர் கருவியிலிருந்து நிமிர்ந்தார். மாமியின் இமை முடிகளை வெறும் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வெள்ளை மருந்து போடுகிறவர்களின் இமையில் மாவு தூவினாற்போல் ஒட்டியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் மூலையில் கொஞ்சம் இருக்கும். மாமி இமை கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"மருந்து போடறீங்களாம்மா?"

"போடுறேன் தம்பி. விடாம போடுறேன்."

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "அவங்க பொய் சொல்றவங்க இல்லை. போடறாங்க. எப்ப போடறாங்கன்னு நீங்க கேளுங்க மரியம்மா. என்கிட்டச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

நான் மாமி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார். "நீயும் நோன்பு வச்சிருக்கிறவதானே? உனக்குத் தெரியாதா? நோன்பு தொறந்ததுலேருந்து விடியக்கால சஹர் சாப்பாடு முடியிற வரைக்கும் மணிக்கு மணி ஊத்துறேன். கண்ணு அசந்துடக் கூடாதுன்னு உக்காந்துக்கிட்டே இருக்கேன். பகல்ல எப்படி ஊத்துறது? தொண்டையில கசப்பு எறங்குதே!"

நூர்ஜஹான் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் சொல்லிப் பாத்துட்டேன் லாத்தா. நோயாளி நோன்பை விடலாம், விட்டதை அப்புறம் கலாவா வச்சு ஈடுகட்டலாம்னு சொன்னேன். 'இந்த வயசுக்கு மேல எனக்கு அப்புறம்னு ஒண்ணு இருக்கா'ன்னு கத்துறாங்க."

"இருக்காடி? நீ எழுதித் தர்றியா?" என்றார் மாமி.

ராத்திரியெல்லாம் விழித்திருந்து மருந்து போட்ட கண், பகல் முழுக்கப் பூஞ்சைக்கு விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. மாமி டாக்டரை மதிக்காமல் செய்யவில்லை. படைத்தவனுக்கும் டாக்டருக்கும் நடுவில் நாளைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். நானும் நோன்போடுதான் இருந்தேன். "போடலாம் மாமி" என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் மார்க்கத்தில் நான் சொல்கிற சொல்லுக்கு எடை இல்லை என்று எனக்கே தெரியும்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். நோன்பை விடச் சொல்லுங்கள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "தஞ்சாவூர்னுதான் பேச்சு, ஆனா மருந்து பலிக்காமப் போகலை, பகல்ல போடாததாலதான் புள்ளி பெருசாச்சு. நோன்பு விஷயத்துல என் வார்த்தை செல்லாது. உங்க ஹஜரத்துகிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க, இப்பவே. வரிசையில நிக்கறவங்களை நான் பாத்துக்கறேன். இன்னிக்குப் பகல் போனா நாளைக்கு எனக்குச் செய்ய ஒண்ணும் இருக்காது. அப்புறம் தஞ்சாவூர்லயும் கருவிழியை மாத்தத்தான் சொல்வாங்க, அதுக்கும் யாராவது தானம் குடுத்த கண்ணு கிடைக்கணும்" என்றார்.

மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். தொழுகை நடத்துகிற ஹஜரத்தின் வீடு பள்ளிவாசலை ஒட்டி இருந்தது. அவருடைய வீட்டம்மா எங்களை உள்ளே உட்கார வைத்தார். ஹஜரத் வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மருந்து போடாம விட்டா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னாரு?"

"கண்ணு போயிடும்னாரு" என்றேன்.

"மாமி, கேளுங்க. கண்ணு, வயித்துக்குப் போற வாசல் இல்லை. நாம பின்பத்துற மத்ஹபு வழியில வந்த மார்க்கப் பெரியவங்க அப்படித்தான் சொல்லியிருக்காங்க. கண்ணுல மருந்து விட்டா நோன்பு முறியாது. தொண்டையில ருசி தட்டுனாலும் முறியாது. மனசு கேக்கலைன்னா எச்சிலைத் துப்பிக்குங்க."

"வேற மாதிரியும் சொல்றாங்களே ஹஜரத்? டிவியில ஒருத்தரு—"

"சொல்றவங்க இருக்காங்க. நீங்க எந்தப் பள்ளிவாசலுக்குக் கஞ்சி நொய் புடைக்கிறீங்க? டிவிக்கா?"

திரைக்கு இந்தப் பக்கம் அவர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

ஹஜரத் குரல் மாறியது. "நோயாளிக்கு நோன்பை விட அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். உங்களுக்கு அதுவும் வேணாம்னா நோன்பைப் பிடிங்க, நான் தடுக்கலை. ஆனா கண்ணு உங்க சொத்து இல்லை மாமி. அமானிதம். குடுத்தவன் கேப்பான். ஒண்ணை அம்மையில எடுத்துக்கிட்டான், அது அவன் எடுத்தது. இதை நீங்களா விட்டுட்டா என்ன பதில் சொல்லுவீங்க?"

மாமி முக்காட்டு முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்றது புத்திக்கு ஏறுது. கசப்பு எறங்கும்போது மனசு ஒப்ப மாட்டேங்குது. நோன்பை நானே முறிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பேச இடம் கிடைத்தது. "மாமி, கசக்காம போட்டுக் காட்டுறேன். ஒரு தடவை சம்மதிங்க."

நூர்ஜஹான் பையிலிருந்து புட்டியை எடுத்தாள். நான் ஹஜரத் வீட்டு அடுக்களைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தேன். புட்டியைக் குலுக்கினேன். "இப்ப தொடப்போறேன் மாமி." கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடச் சொல்லி, உள் மூலையில் மூக்கெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டேன். கண் உருண்டை மேல் கொஞ்சமும் அழுத்தம் படக் கூடாது, அதுவும் புண்ணான கண்ணில். நான் மனசுக்குள் நபி மேல் சலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். விரலை எடுத்து, ஓரத்தில் வழிந்ததைச் சுத்தமான பஞ்சால் ஒற்றினேன்.

மாமி எச்சிலை விழுங்கிப் பார்த்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை விழுங்கினார்.

"கசக்கலை" என்றார்.

"அன்னிக்கே லாத்தா சொன்னாங்கல்ல, மூலையைப் பிடிங்கன்னு!" என்றாள் நூர்ஜஹான்.

"சொன்னா. நீதான் எனக்கு நினைவுபடுத்தியிருக்கணும். மருமகள்னு எதுக்கு இருக்க?"

கிளம்பும்போது ஹஜரத் கேட்டார், "ஒளு செய்யும்போது கண்ணுல தண்ணி படலாமா?" புண் இருக்கும்வரை படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமி ஐந்து வேளையும் முகத்தில் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டுதான் இருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் தண்ணீர் விடாமல் மீதியை எப்படிக் கழுவுவது என்று ஹஜரத்தே சொல்லிக்கொடுத்தார். ஒளு முடித்துவிட்டுத்தான் மருந்து, மருந்து போட்டுவிட்டு ஒளு இல்லை என்பதை நான் சொன்னேன். தனக்குத் தெரியாததை டாக்டர் ஹஜரத்திடமும், ஹஜரத் டாக்டரிடமும் அன்று மாமிக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவராவது ஒருவர் வீம்பு பிடித்திருந்தால் கண் போயிருக்கும்.

அன்று முதல் மாமி பகலிலும் போட்டார். நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன். இமையில் மாவு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஆனாலும் புண் சட்டென்று அடங்கவில்லை. பூஞ்சை மெதுவாக வரும், மெதுவாகத்தான் போகும். பத்து நாள் ஆகியும் சிவப்பு குறையவில்லை என்று மாமி சோர்ந்துபோனார். "என் கூடப்பிறந்தவன் மருந்தை வாங்கியாந்து ஒரே ஒரு சொட்டு போட்டா என்ன? இந்த எரிச்சலாவது அமரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். ஒற்றைக் கண்ணும் வலியுமாக நோன்பிருக்கிற ஒருவர் குளிர்ச்சிக்கு ஏங்குவதில் குறை என்ன இருக்கிறது? அந்தக் குளிர்ச்சிதான் கண்ணைத் தின்றது என்று அவருக்கும் தெரியும். நான் கண் மேல் படாமல் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மாமி பிறகு அதைக் கேட்கவில்லை.

நோன்பின் கடைசிப் பகுதியில் சீழ்க் கோடு மறைந்தது. புள்ளியின் பிசிறு ஓரம் வழவழப்பாயிற்று. டாக்டர் கருவியிலிருந்து நிமிர்ந்து, "ஆறுது" என்று மட்டும் சொன்னார். தழும்பு நிற்கும், எழுத்துப் படிப்பது சிரமம் என்பதையும் அன்றே மறைக்காமல் சொல்லிவிட்டார். மருந்தை நிறுத்தவும் விடவில்லை. சிவப்பு போனதும் நிறுத்தினால் உள்ளே மிச்சமிருப்பது மறுபடி கிளம்பும் என்றார். அந்த வருஷம் மாமியால் குர்ஆனைப் பார்த்து ஓத முடியவில்லை. நூர்ஜஹான் ஓத ஓதக் கேட்டுக்கொண்டிருந்தார், மனப்பாடமானதைக் கூடவே சொன்னார். அவள் ஓர் இடத்தில் நீட்டாமல் ஓதினால் உடனே, "அங்க நீட்டணும்டி" என்று அதட்டவும் செய்தார். நோன்பு ஒன்றையும் விடவில்லை.

பெருநாள் பிறை பார்க்கும் சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டு மாமி வீட்டுக்குப் போனேன். எல்லாரும் மொட்டைமாடியில் இருந்தார்கள். மேற்கே அறுத்த வயல்களுக்கு மேல் வானம் சிவந்து கிடந்தது. மாமியைக் கைப்பிடிச் சுவர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். திடீரென்று பிள்ளைகள் கத்தினார்கள். பேத்தி ஓடிவந்து மாமியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அந்தா நன்னிமா, அந்தத் தென்னை மரத்துக்கு மேல! மெல்லிசா! தெரியுதா? என் விரலைப் பாருங்க, அதுக்கு நேரா!"

மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நூர்ஜஹான் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறை தெரியலைடி" என்றார் மாமி. பிறகு கையை நீட்டி, காற்றில் தடவாமல், பேத்தியின் சுட்டுவிரலை நேராகப் போய்ப் பிடித்தார். "பிறையைக் காட்டுற உன் விரல் தெரியுது. அல்ஹம்துலில்லாஹ். மரியம், மணி ஆயிடுச்சு, மருந்தை ஊத்து."